ஆங்கிலப் பாடநூலில் 'நாம்' யார்?

நம் சங்கத்து ஆண்டு மலரில் சங்க இலக்கியம், கோயில் கலை, இசை என்றெல்லாம் எழுதக் கற்றறிந்த பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அடியேன் கல்லூரி வாசலை மிதிக்காதவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, தில்லி சாவ்ரி பஜாரில் நாற்பது ஆண்டுகளாகக் காகிதம் விற்றுப் பிழைக்கிறவன். காகிதம் விற்கிறவன் கைக்கு அச்சான காகிதமும் வந்து சேரும். கூப்பிடு தூரத்தில் நய் சடக்; பாடப்புத்தகக் கடைகளின் தெரு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தரியாகஞ்ச் பழைய புத்தகச் சந்தை. 2019 வரை நடைபாதையில் இருந்தது, அதன் பிறகு மகிளா ஹாட்டுக்குப் போய்விட்டது. அங்கே கிடைக்கும் பழைய ஆங்கில 'ரீடர்'களை வாங்கி வந்து புரட்டுவது என் பொழுதுபோக்கு. அந்தப் படிப்பில் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படிக்கிறவர்களுக்கு அந்தக் குறை இல்லை. மற்றவர்களுக்கு ஒரு தமிழ் எழுத்தாளரின் பெயர் முதன்முதலாகக் கண்ணில் படுவது எங்கே என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்து ஆங்கிலப் புத்தகத்தில்தான்! ஆகவே அந்தப் புத்தகம் 'நாம்' என்று யாரை நினைத்துக்கொண்டு பேசுகிறது என்பது நமக்கு வீட்டு விஷயம்.

ஒரு லட்சம் ரூபாயில் தொடங்கிய கதை

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், இந்தியர் கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. அந்தப் பணத்தை எந்தக் கல்விக்குச் செலவிடுவது என்ற வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இடையில் 1817இல் கல்கத்தாவிலும் 1820இல் சென்னையிலும் பள்ளிப் புத்தகச் சங்கங்கள் தோன்றின. கல்கத்தாச் சங்கத்தில் ஆங்கிலேயரும் இந்தியரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். மத நூல்களை வெளியிடுவதில்லை என்று விதியே வைத்துக்கொண்டார்கள். எந்தப் பிள்ளையின் வீட்டு நம்பிக்கையையும் பாடப்புத்தகம் தொந்தரவு செய்யக்கூடாது என்ற எச்சரிக்கை அப்போதே இருந்திருக்கிறது.

1834 ஜூனில் மெக்காலே சென்னையில்தான் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க அங்கிருந்து உதகமண்டலம் போனார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் எழுதிய குறிப்பு நாம் அனைவரும் அறிந்தது. கீழை நாட்டு நூல்கள் எல்லாம் சேர்ந்தாலும் நல்லதொரு ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரிக்கு ஈடாகாது என்பது அவர் கருத்து. இத்தனைக்கும் சமஸ்கிருதமோ அரபியோ தமக்குத் தெரியாது என்பதை அந்தக் குறிப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். தமிழைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. மார்ச் மாதம் பெண்டிங் கையெழுத்துப் போட, வழக்கு தீர்ந்தது.

இதற்குப் பின் நடந்ததில் ஒரு விசித்திரத்தைக் கௌரி விசுவநாதன் 1989இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில் காட்டியிருக்கிறார். ஆங்கில இலக்கியம் என்பது தனியொரு பாடமாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்பே இந்தியாவில் நிலைபெற்றுவிட்டதாம். மதம் போதிக்க முடியாத இடத்தில், ஒழுக்கம் போதிக்கும் வேலையை இலக்கியத்திடம் ஒப்படைத்தார்கள். அதாவது, மொழி கற்பிக்க மட்டும் அந்தப் பாடம் வரவில்லை. 'உயர்ந்த மனிதன் இப்படித்தான் இருப்பான்' என்று காட்டவும் வந்தது.

டாஃபடில் பூவும் எரியும் கப்பலும்

1870கள் தொடங்கி நெல்சன் கம்பெனியாரின் 'ராயல் ரீடர்' வரிசை பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதும் ஓடியது. எடின்பரோவில் படிக்கிற பிள்ளைக்காக எழுதிய பாடத்தைத் தஞ்சாவூர்ப் பிள்ளையும் மனப்பாடம் செய்தது.

வோர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதையை எடுத்துக்கொள்வோம். 1807இல் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் ஒப்பித்தது. அந்தப் பூ நம் ஊர்ச் சமவெளியில் பூப்பதில்லை. பார்க்காத பூவைப் பற்றி மகிழ்ச்சி அடையவும், அந்த மகிழ்ச்சியைப் பரீட்சையில் ஐந்து வரியில் எழுதவும் பிள்ளைகள் பழகினார்கள். கவிதையில் குற்றமில்லை. எருக்கம்பூவையும் ஆவாரம்பூவையும் பற்றி யாரும் பரீட்சை வைக்கவில்லை என்பதுதான் சங்கதி.

இன்னொன்று, ஃபெலீசியா ஹெமன்ஸ் அம்மையார் 1826இல் எழுதிய 'காசபியாங்கா'. 1798 நைல் போரில் தீப்பற்றிய பிரெஞ்சுக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான். தகப்பன் சொல்லாமல் நகரமாட்டேன் என்கிறான். தகப்பனோ கீழ்த்தளத்தில் இறந்து கிடக்கிறான். கப்பலோடு பிள்ளையும் போகிறது. பகைவனின் பிள்ளையையே போற்றிப் பாடும் பெருந்தன்மை அந்தப் பாட்டில் உண்டு. ஆனால் அடிமை நாட்டு வகுப்பறையில் அதை ஒப்பிக்கும்போது மிஞ்சுவது 'சொன்ன இடத்தில் நில்' என்ற பாடம். தகப்பன் சொல்லைத் தட்டாத இராமன் கதையை வீட்டில் கேட்ட பிள்ளைக்கு இது புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் கட்டளை இடுபவர் யார் என்பதுதான் புதிது.

இந்தக் காலத்துப் புத்தகங்களில் 'நாம்' என்றால் ஆங்கிலேயப் பிள்ளை. நம் பிள்ளை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

டாக்காவிலிருந்து ஒரு மாற்றம்

இதில் ஒரு மாற்றம் 1920களில் வந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு நடைமுறை உண்மையைக் கண்டார். இவர்களுக்கு ஆங்கிலம் பேசுவதைவிடப் படிப்பதுதான் அதிகம் உதவும். புத்தகமோ தெரியாத சொற்களால் நிறைந்து கிடக்கிறது. எனவே அடிக்கடி வரும் சொற்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பக்கத்தில் புதுச்சொல் இத்தனைதான் என்று கணக்கு வைத்து, 'நியூ மெத்தட் ரீடர்' வரிசையை லாங்மன்ஸ் மூலம் வெளியிட்டார். இந்தியப் பிள்ளைக்கு எது கடினம் என்று நினைத்துச் செய்த வேலை இது. அந்த அளவில் மரியாதைக்குரியது. ஆனாலும் கணக்குப் பார்த்தது சொற்களுக்குத்தான். கதைக்குள் யார் வாழ்கிறார்கள் என்பதற்கு அல்ல. ராபின்சன் குரூசோ சுருங்கி எளிமையானாரே தவிர, இடத்தைக் காலி செய்யவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1961இல் என்.சி.இ.ஆர்.டி. தோன்றியது. அதற்குப் பின் வந்த பாடநூல்களில் காந்தி, நேரு, தாகூர் போன்றோர் இடம்பெற்றார்கள். வேடிக்கை பார்த்த பிள்ளை இந்தியக் குடிமகன் ஆனான். நல்ல காரியம். ஆனால் அந்த இந்தியன் எந்த ஊர், எந்த வீட்டில் எதைச் சாப்பிடுகிறவன் என்பது மங்கலாகவே இருந்தது.

ஆர்.கே. நாராயணனின் பேச்சும் அதன் பலனும்

அடுத்த திருப்பத்தில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணன், 1935இலேயே 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' எழுதி, மிஷன் பள்ளியில் படிக்கும் தென்னிந்தியப் பையனை ஆங்கிலக் கதையின் நடுவில் நிறுத்தியவர். 1986இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக வந்தார். 1989இல் அங்கே பேச எழுந்தபோது பெரிய அரசியல் எதையும் எடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார்.

அந்தக் கவலை வீண்போகவில்லை. 1992இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டு அறிக்கை வந்தது. மூட்டையின் கனத்தைவிடப் புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்று அது சொன்னது. அதே யஷ்பால் தலைமையில்தான் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் உருவாயிற்று. பள்ளிப் பாடத்தை வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைக்க வேண்டும், வகுப்பில் பல மொழிப் பிள்ளைகள் இருப்பதை ஒரு செல்வமாகக் கொள்ள வேண்டும் என்பன அதன் கொள்கைகள்.

அதன்படி 2006, 2007இல் வந்த சி.பி.எஸ்.இ. ஆங்கிலப் புத்தகங்களை நான் ஒரு வியாபாரியின் கண்ணோடும் பார்த்தேன்: 80 ஜி.எஸ்.எம். காகிதம், என்.சி.இ.ஆர்.டி. நீர்க்குறி. பிறகு உள்ளே படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் அப்துல் கலாமின் இராமேசுவரம், ஆர்.கே. லட்சுமண் எழுதிய கதைசொல்லி ஈசுவரன். வைக்கம் முகமது பஷீரின் பாம்பும் கண்ணாடியும். மைசூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் தொகுத்த கன்னட நாட்டுக்கதை. பத்தாம் வகுப்பில் கோவாவின் ரொட்டிக்காரர், குடகு, அசாம் தேயிலை, அவற்றோடு நம் வல்லிக்கண்ணன். பன்னிரண்டில் ஜெமினி ஸ்டூடியோவைப் பற்றி அசோகமித்திரன்; பிறகு பாமா. நம்மைப் பற்றி யாரோ சொல்வது போய், நம்மவரே பேசும் நிலை வந்துவிட்டது.

வள்ளியம்மையின் பேருந்து

வல்லிக்கண்ணன் திருநெல்வேலிச் சீமையின் இராஜவல்லிபுரத்துக்காரர். 1978இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். 2006 நவம்பரில் காலமானார். 2007-08 கல்வியாண்டில் நாடெங்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் கதையைப் படிக்கத் தொடங்கியபோது அவர் இல்லை.

கதை சிறியது. எட்டு வயது வள்ளியம்மை வாசலில் நின்று தினமும் பேருந்தைப் பார்க்கிறாள். ஆறு மைல் தூரத்து டவுனுக்குப் போக முப்பது பைசா, வர முப்பது பைசா. மிட்டாய், பலூன், குடைராட்டினம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து அறுபது பைசா சேர்க்கிறாள். அம்மா பகலில் கண்ணயரும் நேரம் பார்த்துத் தனியே போய் வருகிறாள். போகும்போது பேருந்துக்கு முன்னே வாலைத் தூக்கி ஓடிச் சிரிக்கவைத்த பசு, திரும்பும்போது சாலையோரம் செத்துக் கிடக்கிறது.

இந்தக் கதை பஞ்சாபிப் பிள்ளைக்கும் பிடிக்கும், வங்காளிப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் ஓரிடத்தில் நம் பிள்ளைக்கு மட்டும் நாம் துணைக்குப் போக வேண்டியிருக்கிறது. பேருந்தில் வள்ளியின் பக்கத்தில் ஒரு கிழவி வந்து உட்காருகிறாள். காதில் பெரிய பெரிய ஓட்டை, அதில் அசிங்கமான தோடு, வாயில் வெற்றிலை பாக்கு. வள்ளிக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைக்குத் தெரிவது இவ்வளவுதான்.

திருநெல்வேலிக்காரர் எழுதிய கதை ஆகையால், காது வளர்த்துப் பாம்படம் போட்ட ஆச்சியாகத்தான் அந்தக் கிழவி என் கண்ணுக்குத் தெரிகிறாள். அந்தச் சீமையில் ஒரு காலத்தில் காது வளர்ப்பது அழகு. பாம்படத்தின் தங்கம் குடும்பத்தின் மதிப்பு. தமிழில் படிக்கிற பிள்ளை, 'வள்ளிக்கு ஆச்சியைப் பிடிக்கல, பாரு' என்று சிரித்துக்கொண்டே போகும். வள்ளி சின்னப்பிள்ளை, அவள் பார்வை அப்படி என்று அதற்குத் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் படிக்கிற பிள்ளையோ வள்ளியின் அருவருப்பையே எடுத்துக்கொண்டு போய்விடும். கொள்ளுப்பாட்டியின் பழைய படத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கும். மொழிபெயர்த்த கே.எஸ். சுந்தரம் மேல் குறை சொல்லவில்லை. கதை எல்லை தாண்டிவிடுகிறது. கதையைச் சுற்றி இருந்த சொந்தபந்தம் பின்தங்கிவிடுகிறது. அதுதான் நடக்கிறது.

வடைப் பொட்டலம்

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் தந்தார். அதிலிருந்து ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்புத் துணைப்பாடத்தில் சேர்ந்தது. பள்ளி விட்டு வருகிற சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவர் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் விளக்கும்போது சிரிப்பு போய்விடுகிறது. மொழிபெயர்ப்பில் 'அண்ணன்' அண்ணனாகவே இருக்கிறது, 'வடை' வடையாகவே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வேற்றுமொழிப் பிள்ளைகள் அந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்கச் செவ்விந்தியப் பெண் ஜிட்கலா-ஷாவின் நினைவும் அதே பாடத்தில் இணையாக வைக்கப்பட்டிருந்தது. விடுதிப் பள்ளியில் வலுக்கட்டாயமாகத் தலைமுடி வெட்டப்பட்ட நினைவு அது.

கலாமின் பாடத்திலும் இப்படி ஓரிடம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் புது ஆசிரியர், குல்லாய் போட்ட பையனைப் பூணூல் போட்ட நண்பன் பக்கத்திலிருந்து எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார். நண்பனின் தந்தை லட்சுமண சாஸ்திரிகள் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார், ஆசிரியரும் திருந்துகிறார்.

சங்கத்துக் கூட்டங்களில் சில பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "ஏங்க, நம்ம ஊரைப் பத்தி வந்ததே ரெண்டு பாடம். அதுலயும் சாதியும் தீட்டும்தானா? கூடப் படிக்கிற பிள்ளைங்க என்ன நினைக்கும்?" அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. வெளியூரில் இருப்பவனுக்குச் சொந்த ஊரின் மானம் பெரிது. ஆனாலும் என் பதில் ஒன்றுதான். புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை, பாடநூல் அல்ல. மேலும், அந்தக் கயிற்றைப் பிடித்துப் பொட்டலம் தூக்கியவரின் பேரன் பேத்திகளும் இந்தத் தில்லியில் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்களும் 'நாம்'தானே! எங்கள் சமயத்தில் அநேகாந்தம் என்பார்கள்: ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே என்று. ஓர் ஊருக்கும் அது பொருந்தும். ஆசிரியரைக் கண்டித்த சாஸ்திரிகளும் வடைப் பொட்டலமும் சேர்ந்ததுதான் நம் ஊர்.

கிடைத்த இடம் நிரந்தரம் என்றும் எண்ணிவிடக்கூடாது. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாசுவேதா தேவியையும் நீக்கியது. அது கல்லூரிப் பாடம்தான். ஆனால் எது வந்ததோ அது போகவும் கூடும் என்பதற்குச் சாட்சி.

இன்னும் வராதவை

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் புத்தரின் காசி உபதேசம் இருந்தது. சாவு நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு கேட்டு அலைந்த கிசா கோதமியின் கதை. அருமையான பாடம். மகாவீரருக்கு அந்த நான்கு புத்தகங்களிலும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பாடம் இல்லை. அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. என் குறை வேறு. கடைக்கு வருகிற வடநாட்டு ஜெயின் அன்பர்கள் "மதராசியில் ஜெயின் உண்டா?" என்று கேட்பார்கள். நம் தமிழ் நண்பர்களோ "நீங்க மார்வாடியா?" என்பார்கள். மேல்சித்தாமூரில் எங்கள் மடம் இருக்கிறது, சிந்தாமணியும் நாலடியாரும் எங்கள் முன்னோர் தந்தவை என்று இரண்டு பேருக்கும் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. பாடநூல் எதை விட்டுவிடுகிறதோ அதை அடுத்த வீட்டுக்காரரும் அறியமாட்டார்.

நாலடியாரின் நானூறு பாடல்களையும் ஜி.யு. போப் 1893இலேயே ஆங்கிலத்தில் தந்துவிட்டார். கிசா கோதமியின் பாடத்துக்குப் பக்கத்தில், நிலையாமை பற்றிய ஒரு நாலடியார்ப் பாடலும் இருந்தால், ஒரே கருத்தைக் காசியும் மதுரையும் எப்படிச் சொல்கின்றன என்று எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது புத்தகங்கள் மறுபடியும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆறாம் வகுப்பு ஆங்கில நூலுக்கு முன்பு 'ஹனிசக்கிள்' என்று ஒரு பூங்கொடியின் பெயர். 2024இல் வந்த புதிய நூலுக்கு 'பூர்வி' என்று பெயர். ஒரு ராகத்தின் பெயரும் கூட. ஆங்கிலப் புத்தகத்துக்கு எதற்கு இந்திப் பெயர் என்று 2025இல் கேரளக் கல்வி அமைச்சர் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். அட்டைப்பெயர்ச் சண்டை முக்கியம்தான். அதைவிட முக்கியம் உள்ளே யார் பேசுகிறார்கள், எத்தனை மொழிகளிலிருந்து வந்து பேசுகிறார்கள் என்பது. பெற்றோர்களாகிய நாம் பொருளடக்கப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தில் தமிழ்நாட்டுப் பாடம் வரும் நாளில், வீட்டுப் பெரியவர் ஒருவர் அரைமணி நேரம் உடன் உட்கார வேண்டும். இங்கிலீஷ் தெரியாத பாட்டி ஆனாலும் சரி. பிள்ளை கதையைச் சொல்லட்டும். பாட்டி பாம்படத்தையும் வெற்றிலைச் செல்லத்தையும் சொல்லட்டும். எந்தக் கைடிலும் கிடைக்காத குறிப்புரை அது.

இரண்டாவது, நம் சங்கத்து நூலகத்தில் வல்லிக்கண்ணன், அசோகமித்திரன், பாமா ஆகியோரின் தமிழ் நூல்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்த ஆசிரியரைத் தமிழில் தேடும் பிள்ளை பத்தில் ஒன்றாவது இருக்கும். அந்த ஒன்றுக்காக வைக்கலாம்.

மூன்றாவது, புதிய நூல்கள் வரும்போது கருத்துச் சொல்ல வேண்டும். 'எங்கள் பெருமையைச் சேருங்கள்' என்று எழுதினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். இன்ன கதை, இன்ன மொழிபெயர்ப்பு, இன்ன சொல்லுக்கு அடிக்குறிப்பு என்று குறிப்பாக எழுதினால் படிப்பார்கள். நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் முன்வந்தால் காகிதச் செலவு என்னுடையது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகள்!